கம்பஸ் (பல்கலைக்கழகம்) பார்க்கப் போக எழுதும் கடிதம் எங்கே சிக்கும்?

ஒன்பதாம் தரம் முடியும்போது பிள்ளை மூன்று தொகுதிப் பாடங்களைத் தெரிவு செய்ய வேண்டும். ஓ.எல்.லுக்கு (சாதாரண தரப் பரீட்சைக்கு) ஆறு பாடங்கள் கட்டாயம். இந்த மூன்றுதான் பிள்ளையின் கையில். கூட்டாளி எதை எழுதினானோ அதையே எழுதிக் கொடுத்துவிட்டு, ஏ.எல். (உயர்தர) வாசலில் வந்து முழிக்கும் பிள்ளைகளை மட்டக்களப்பின் படுவான்கரையில் நிறையப் பார்த்துவிட்டேன். கிழக்குப் பல்கலைக்கழகம் வந்தாறுமூலையில் 1986 முதல் இருக்கிறது. நம் பிள்ளைகள் அதன் வாசலை பஸ் யன்னலால் பார்த்ததோடு சரி. பாடம் தெரிவு செய்யுமுன் ஒருநாள் உள்ளே போய்ப் பார்க்கட்டும்.

தரம் 8, 9 பிள்ளைகளைப் பாடசாலை நேரத்தில் அங்கே கூட்டிப்போவது கல்விச் சுற்றுலாவாகக் கணக்கிடப்படும். அதிபர் விண்ணப்பிக்க, வலயக் கல்வி அலுவலகம் அனுமதி தர வேண்டும். பெற்றோர் நேரே வலயத்துக்குப் போனால் "அதிபரிடம் கேளுங்கள்" என்பார்கள். அதிபரிடம் போனால் "வலயத்தால் இன்னும் வரவில்லை" என்பார். இந்த அலைச்சலுக்கு ஒரே மருந்து: கடிதத்தைக் கையளித்த அன்றே பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். முத்திரை இல்லாத கடிதம் காணாமல் போனால் கேட்க ஆளில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு பாடசாலையின் கடிதம் மூன்று கிழமை மேசையில் கிடந்தது. கம்பஸ் தந்த திகதிக்கு முதல் நாள் பின்னேரம் திரும்பி வந்தது. பஸ் இலக்கம் எழுதவில்லையாம். அந்த ஒரு வரியை முதல் கிழமையே சொல்லியிருக்கலாம். பிள்ளைகள் சீருடையை அழுத்தி மாட்டி வைத்திருந்தார்கள்.

ஆகவே பஸ்ஸை முதலில் பேசுங்கள். வாகன இலக்கம், வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதி, சாரதியின் அனுமதிப்பத்திரம் எல்லாவற்றின் பிரதியும் பெற்றோரின் சம்மதக் கடிதங்களும் ஒரே கோப்பில் போகட்டும். கூடப்போகும் ஆசிரியைகளின் பெயரும் இருக்கட்டும். பெண்பிள்ளைகள் போகும் பயணத்தில் அதைத்தான் முதலில் தேடுவார்கள். ஒவ்வொன்றாகக் கொடுத்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு தடவை அலைய விடுவார்கள்.

பாடம் கெடக்கூடாது என்று சனிக்கிழமையைத் தெரிவு செய்யாதீர்கள். பூட்டிய ஆய்வுகூடக் கதவையும் வெறும் மண்டபத்தையும் பார்த்து என்ன பயன்? பல்கலைக்கழகப் பதிவாளருக்கு எழுதும்போது பீடாதிபதிக்கும் பிரதி போடுங்கள். பரீட்சைக் காலமா, விடுமுறையா என்று தொலைபேசியில் கேட்ட பிறகே திகதி குறியுங்கள். விவசாய பீடம் பார்க்க வேண்டுமென்றால் "விவசாய பீடம்" என்றே எழுதுங்கள். "பல்கலைக்கழகத்தைப் பார்வையிட" என்று பொதுவாக எழுதினால் யாரும் பொறுப்பெடுக்க மாட்டார்கள்.

அம்பாறைக் கரையோரப் பாடசாலைகளுக்கு ஒலுவில் கிட்ட. அங்குள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பீடமும் உண்டு. மட்டக்களப்புக்காரர் திரும்பும் வழியில் மஞ்சந்தொடுவாய் தொழில்நுட்பக் கல்லூரியிலும் இறங்குங்கள். என்.வி.கியூ. என்ற தேசிய தொழிற்தகைமைப் படிகளில் ஏறி ஏழாம் மட்டத்தில் பட்டத்துக்குச் சமமான தகைமை எடுக்கலாம் என்பது பல ஆசிரியர்களுக்கே தெரியாது.

இனி எனக்குக் கோபம் வரும் இடம். "இடம் குறைவு" என்று மாணவத் தலைவர்களையும் முதல் பத்துப் பிள்ளைகளையும் மட்டும் ஏற்றுவார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு வழிகாட்ட வீட்டில் யாராவது இருப்பார்கள். கூலிவேலைக்குப் போகும் தாயின் பிள்ளைக்குத்தான் இந்தப் பயணம் தேவை. பஸ் காசு கொடுக்க வழியில்லாமல் பின்வாங்குவதும் அந்தப் பிள்ளைதான். பெயர்ப்பட்டியல் எழுதுமுன்பே பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் இதைக் கேளுங்கள், கேட்டதைக் கூட்ட அறிக்கையில் பதியச் சொல்லுங்கள். பட்டியல் வலயத்துக்குப் போன பிறகு "இனி மாற்ற ஏலாது" என்பார்கள்.

தனியார் நிறுவனங்கள் இலவச பஸ்ஸும் சாப்பாட்டுப் பொதியும் தந்து "கம்பஸ் நாள்" என்று அழைத்தால் நிதானியுங்கள். பட்டத்தை எந்தப் பல்கலைக்கழகம் தருகிறது, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அதை ஏற்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். பதிலுக்கு ஒரு வர்ணத் துண்டுப்பிரசுரம் மட்டும் வந்தால் பிள்ளைகளை ஏற்ற வேண்டாம்.