இரண்டாவது கணினியும் அதையே சொல்லட்டும்

கணினி பழுதுபார்ப்பது என் தொழில். 'பிரைம்95' என்ற மென்பொருளை வாரத்துக்கு இரண்டு மூன்று முறையாவது ஓடவிடுவேன். காரணம் தெரியாமல் நின்றுபோகும் கணினியை இரவு முழுக்க இதில் போட்டுவிட்டுப் போனால், பெரும்பாலும் காலையில் விஷயம் தெரிந்துவிடும். இது உண்மையில் எழுதப்பட்டது பெரிய பகா எண்களைத் தேடுவதற்கு. 1996-இல் ஜார்ஜ் வோல்ட்மன் தொடங்கிய 'ஜிம்ப்ஸ்' திட்டத்தில், தன்னார்வலர்கள் தங்கள் கணினிகளில் இதை ஓட்டித் தேடுகிறார்கள்.

அவர்கள் தேடுவது மெர்சென் பகா எண்களை. 2-ஐ ஓர் அடுக்குக்கு உயர்த்தி 1 கழித்தால் வருபவை. சோதனை கேட்பதற்கு எளிது. 4-இல் தொடங்கி, வர்க்கப்படுத்தி 2 கழிக்க வேண்டும். சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொண்டு, மறுபடியும் அதையே செய்ய வேண்டும். 31-க்கு (2-இன் 5-ஆம் அடுக்கில் 1 குறைவு) 4, 14, 8, 0 என்று வரும். அடுக்கில் 2 குறைத்தால் எத்தனையோ, அத்தனையாவது படியில் பூச்சியம் வந்தால் அது பகா எண். இங்கே மூன்றாம் படியில் பூச்சியம் வந்துவிட்டது, ஆகவே 31 பகா எண்.

2024-இல் கிடைத்த எண்ணுக்கு அடுக்கு 136,279,841. இதே படியை 13 கோடியே 62 லட்சம் தடவைக்கு மேல் போட வேண்டும். ஒவ்வொரு தடவையும் வர்க்கப்படுத்துவது நான்கு கோடி இலக்கம் கொண்ட எண்ணை. நடுவில் ஒரு பிட் (கணினிக்குள் இருக்கும் ஒரு 0 அல்லது 1) புரண்டாலும் அதற்கப்புறம் வருவதெல்லாம் குப்பை. கணினி நிற்காமல் ஓடி முடித்து, 'பகா எண் இல்லை' என்று சொல்லிவிடலாம். நிஜமான பகா எண் கைநழுவிப் போயிருக்கும், யாருக்கும் தெரியாது.

அதனால்தான் இந்தச் சோதனை சொன்ன 'இல்லை' என்ற விடையையும் இன்னொருவர் கணினியில் மறுபடி ஓட்டிப் பார்ப்பார்கள். தொடக்க எண்ணின் பிட்டுகளை வேறு அளவு தள்ளிவைத்துத் தொடங்கி, கடைசி மீதியின் 64 பிட்டுகள் பொருந்துகின்றனவா என்று பார்ப்பார்கள். இப்போது முதல் சுற்றுக்கு, 'பகா எண்ணாக இருக்கலாம்' என்று மட்டும் சொல்லும் வேறொரு சோதனையை ஓட்டுகிறார்கள். அதில் ராபர்ட் கெர்பிச் என்பவர் கண்ட பிழைச்சோதனையும் இருக்கிறது. கணக்கு ஓடும்போதே தவறைப் பிடித்து, கடைசியாகச் சரியாக இருந்த இடத்துக்குத் திருப்பிவிடும். எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம் அதுதான்.

2024 அக்டோபர் 11 அன்று, ஜிம்ப்ஸ் தன்னார்வலர் லூக் டுரான்ட் ஓட்டிய டப்ளின் சர்வர் ஒன்றின் ஜிபியு (கிராபிக்ஸ் சிப்) 'இது பகா எண்ணாக இருக்கலாம்' என்றது. மறுநாள் டெக்சாஸின் சான் அன்டோனியோவில் இன்னொரு ஜிபியு, மேலே சொன்ன சோதனையால் உறுதிசெய்தது. அப்போதும் அறிவிக்கவில்லை. வேறு மென்பொருள்களால் வேறு வகைக் கணினிகளில் ஓட்டிப் பார்த்த பிறகு, 21-ஆம் தேதிதான் அறிவித்தார்கள். ஒரே மென்பொருளை ஒரே வகைச் சிப்பில் பத்துத் தடவை ஓட்டினாலும் அதே தவறு பத்துத் தடவை வரலாம். சிப்பிலேயே குறை இருக்குமா என்றால், இருக்கும். இன்டெல்லின் ஸ்கைலேக் சிப்கள் சில கணக்குகளில் உறைந்துபோவது பிரைம்95 ஓட்டியவர்களால்தான் வெளியே வந்தது. 2016 ஜனவரியில் அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டு பயாஸ் (கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் மூலம் சரிசெய்தது.

சில வருடங்களுக்கு முன் ஒரு கணக்காளர் அலுவலகக் கணினி என்னிடம் வந்தது. நகலெடுத்த ஃபைல் சில நேரம் திறக்காது. வைரஸ் என்று சொல்லி இரண்டு முறை ஃபார்மேட் போட்டிருந்தார்கள். பிரைம்95-ஐ ஓடவிட்டேன். நாற்பதாவது நிமிடம் ஒரு பிழை வரி வந்தது: முழு எண்ணாக வரவேண்டிய விடை 0.5 விலகியிருக்கிறது, 0.4-க்குள் இருக்க வேண்டும். ராம் இரண்டையும் கழற்றி, பொன்முலாம் பூசிய பற்களைப் பென்சில் ரப்பரால் துடைத்து, ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். ஒன்று விடியும்வரை ஓடியது. இன்னொன்று பத்தே நிமிடத்தில் தவறியது.

இந்தத் தேடலில் சேர ஆசைப்படுபவர்கள் முதலில் உங்கள் கணினியைச் சோதிக்க பிரைம்95-ஐ ஓர் இரவாவது ஓட்டுங்கள். ஹீட் சிங்க்கில் தூசி அடைந்திருந்தால் சுத்தம் செய்யுங்கள். கேம் விளையாட வேகம் கூட்டிவைத்திருந்தால் பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள். மெல்லிய லேப்டாப்பில் வேண்டாம், சூடு தாங்காது.

ராமை மாற்றிக் கொடுத்தபோது அந்த அலுவலகக்காரர், "பேக்கப் எல்லாம் இருக்கு, கவலை இல்லை தம்பி" என்றார். "அந்த பேக்கப்பை எடுத்ததும் இதே கணினிதானே சார்?" என்று கேட்டேன். அவர் முகம் மாறியது. காகித வவுச்சர்களை எடுத்துவைத்து, வேறு கணினியில் ஒவ்வொரு ஃபைலாகத் திறந்து ஒப்பிட இரண்டு நாள் ஆனது. மூன்று ஃபைல் கெட்டிருந்தன.