வக்கீல் இல்லாமல் வரி லீன் வழக்கு: சறுக்குவது தபாலில்தான்

சொத்து வரி பாக்கியுள்ள வீடுகளின் மீது அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தின் கவுன்டிகள் (மாவட்டம் போன்றவை) ஒவ்வொரு பிப்ரவரியிலும் லீன், அதாவது பாக்கிக்காகச் சொத்தின் மீது விழும் பிடிப்புரிமை, ஏலம் நடத்துகின்றன. ஏலம் எடுப்பவர் பாக்கியைக் கட்டிவிட வேண்டும்; அதற்கு உரிமையாளர் தர வேண்டிய வட்டி 16 சதவீதத்தில் தொடங்கும். யார் குறைந்த வட்டிக்கு இறங்கி வருகிறாரோ, அவருக்கே சான்றிதழ். அதனால் வீடு கைக்கு வந்துவிடாது. பாக்கி மீதான உரிமைதான் வரும். மூன்று ஆண்டுகளாகியும் உரிமையாளர் பணத்தைக் கட்டி மீட்காவிட்டால், அந்த மீட்புரிமையை நீக்கி வீட்டைத் தரக் கோரி, கவுன்டியின் சுப்பீரியர் கோர்ட்டில் வழக்குத் தொடரலாம். பத்து ஆண்டுகள் சும்மா விட்டால் லீனே காலாவதியாகிவிடும்.

வக்கீல் வைத்தே தீர வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. ஆனால் லீனை யார் பெயரில் வாங்கினீர்கள்? உங்கள் சொந்தப் பெயரில் என்றால் நீங்களே வாதாடலாம். வரிச் சலுகை, பாதுகாப்பு என்று யாரோ சொன்னதைக் கேட்டு எல்எல்சி (வரையறுக்கப்பட்ட பொறுப்பு நிறுவனம்) பெயரில் வாங்கியிருந்தால், அதன் ஒரே உரிமையாளர் நீங்களே ஆனாலும் வக்கீல் தேவை. நம்மவர்கள் பலர் இதைத் தெரிந்துகொள்வது மனுவைக் கொடுத்த பிறகுதான்.

வில்லங்கம் பார்த்துக் கொடுப்பது என் தொழில். சொந்தமாக வழக்கு நடத்தியவர்களின் கோப்புகளில் மனுவில் பெரிய குறை இருப்பதில்லை. அறிவிப்பில்தான் ஓட்டை. வழக்குத் தொடுப்பதற்குக் குறைந்தது 30 நாட்கள் முன்பாக, 180 நாட்களுக்கு மிகாமல், உரிமையாளருக்கும் கவுன்டி பொருளாளருக்கும் சர்டிஃபைடு மெயில் எனப்படும் சான்றிட்ட தபாலில் அறிவிப்பு போயிருக்க வேண்டும். ஒரு கோப்பில் அந்த உறை மஞ்சள் ஒட்டுத்தாளோடு, பிரிக்கப்படாமல், அப்படியே திரும்பி வந்து கிடந்தது. பெறுபவர் வாங்கவில்லை என்று அதில் அச்சிட்டிருந்தது. அனுப்பியவரோ அனுப்பிய ரசீதை மட்டும் மனுவோடு இணைத்துவிட்டு நிம்மதியாக இருந்தார். உறை திரும்பி வந்தது தெரிந்தும் அரசு கையைக் கட்டிக்கொண்டு இருக்கக் கூடாது என்று 2006இல் ஜோன்ஸ் எதிர் ஃபிளவர்ஸ் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கூறியது. அரசுக்குச் சொன்னதுதான், ஆனாலும் உங்கள் தீர்ப்பை உடைக்க வருபவர் அதைத்தான் முதலில் எடுத்து வைப்பார்.

உரிமையாளர் ஒருவரோடு முடிவதுமில்லை. அடமானம் வைத்திருக்கும் வங்கிக்கும் அறிவிப்பு பெறும் உரிமை உண்டு என்பது 1983லேயே முடிவான விஷயம். வருமான வரித்துறையின் லீன் பதிவாகியிருந்தால் அமெரிக்க அரசையும் எதிர்வாதியாகச் சேர்க்க வேண்டும். உரிமையாளர் திவால் மனு போட்டிருந்தால் வழக்கை அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும். ஒருவரை விட்டுவிட்டாலும் தீர்ப்பு கிடைக்கலாம். ஆனால் வீட்டை விற்கப் போகும்போது சொத்துரிமைக்குக் காப்பீடு தரும் டைட்டில் இன்சூரன்ஸ் நிறுவனம் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

சில நூறு டாலர் வரிக்கு முழு வீடு என்று ஆசை காட்டும் பழைய காணொளிகளை நம்பாதீர்கள். மின்னியாபொலிஸ் மூதாட்டி ஜெரால்டின் டைலரின் வீட்டை 40,000 டாலருக்கு விற்று, சுமார் 15,000 டாலர் பாக்கி போக மீதியையும் கவுன்டியே வைத்துக்கொண்டது தவறு என்று 2023இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அதையடுத்து அரிசோனாவும் சட்டத்தை மாற்றியது; வீட்டை ஏலத்தில் விற்று, பாக்கி போக மிஞ்சுவதைத் தரும்படி உரிமையாளர் இப்போது கோரலாம்.

வக்கீல் செலவு மிச்சம் என்ற கணக்கும் பாதிதான் சரி. முறையாக அழைப்பாணை பெற்ற பிறகு உரிமையாளர் சொத்தை மீட்டால், நியாயமான வக்கீல் கட்டணத்தையும் அவரிடமே கோர இந்த மாநிலச் சட்டம் இடம் தருகிறது. நீங்களே வாதாடியிருந்தால் உங்கள் உழைப்புக்கு அப்படி எதுவும் கிடைக்காது.