வீட்டோ: 'தடுக்கிறேன்' என்ற சொல் அதிகாரமான கதை

கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில், சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிக்கிற பகுதியில், போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் காலையிலேயே இடம்பிடித்து உட்கார்ந்துவிடுவார்கள். அங்கே ஒரு தம்பி தன் நோட்டைக் காட்டிக் கேட்டார்: "அண்ணா, ஒரு புத்தகத்துல ரத்து அதிகாரம்னு இருக்கு, இன்னொண்ணுல மறுப்பாணை. பேப்பர்ல வீட்டோன்னே போடுறாங்க. நான் எதை எழுதுறது?" டீ குடிக்கும் நேரத்தில் சொல்லி முடிக்கிற விஷயமாக அது இல்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

ஐ.நா. பாதுகாப்பு அவையில் ஒரு தீர்மானத்தைத் தனியாகவே தடுத்துவிட ஐந்து நாடுகளுக்கு இருக்கும் அதிகாரத்தைத்தான் வீட்டோ என்கிறோம். அது இலத்தீன் சொல். இப்போது பெயர்ச்சொல்லாகப் புழங்கினாலும் பிறப்பில் அது ஒரு வினைமுற்று. 'தடுக்கிறேன்' என்று பொருள். தமிழைப் போலவே இலத்தீனிலும் வினையின் ஈறே பேசுவது யார் என்று காட்டிவிடும். 'நான்' என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை. நம் 'ஏன்' விகுதி செய்யும் வேலையை அங்கே கடைசி 'ஓ' செய்கிறது. குறில் எகரத்தோடு ஒலித்த அந்தச் சொல், ஆங்கிலத்தின் வழியே வந்ததால் நமக்கு நெடிலாகி 'வீட்டோ' ஆனது. தமிழ் 'வெட்டு'க்கும் இதற்கும் உறவில்லை, ஒலி ஒற்றுமை மட்டும்தான். தவிர, 'வெட்டுத் தீர்மானம்' சட்டமன்றத்தில் வேறு பொருளில், அரசு கேட்கும் செலவுத் தொகையைக் குறைக்கக் கோருவதற்கு, நிலைத்துவிட்ட சொல்.

பழைய உரோமில் எளிய குடிமக்கள், உயர்குடி ஆட்சியாளர்களிடமிருந்து தங்களைக் காத்துக்கொள்ளத் தங்களுக்கென்று பேராளர்களை வைத்துக்கொண்டார்கள். அது கி.மு. 494இல் தொடங்கியதாக மரபு. அதிகாரி ஒருவர் குடிமகன் மேல் கைவைக்க வந்தால் பேராளர் குறுக்கே நின்று தடுக்கலாம். அந்த உரிமைக்கு உரோமர் வைத்திருந்த பெயருக்கும் 'இடையே வருதல்' என்றுதான் பொருள். எளியவருக்காக வலியவரின் குறுக்கே நிற்பது என்பதுதான் இந்த அதிகாரத்தின் முதல் வடிவம். ஐ.நா.வில் அது யார் கையில் இருக்கிறது என்று பார்க்கும்போது இதை மறக்கக் கூடாது.

ஐ.நா. சாசனத்தில் 'வீட்டோ' என்ற சொல்லே கிடையாது. 15 நாடுகள் கொண்ட பாதுகாப்பு அவையில், அவையை நடத்தும் நடைமுறை சாராத எந்த முடிவுக்கும் 9 வாக்குகள் வேண்டும், அவற்றில் நிரந்தர உறுப்பு நாடுகளின் உடன்பாடான வாக்குகளும் இருக்க வேண்டும் என்கிறது 27ஆம் உறுப்பு. அவ்வளவுதான். அமெரிக்கா, ரஷ்யா, சீனா, பிரிட்டன், பிரான்ஸ் ஆகிய ஐந்தில் ஒன்று எதிர்த்து வாக்களித்தால், மற்ற 14 நாடுகள் ஆதரித்தாலும் தீர்மானம் விழுந்துவிடும். வாக்களிக்காமல் விலகி இருந்தால் அது தடையாகாது என்பது நடைமுறையில் வந்த வழக்கம். இந்தியாவின் சார்பில் 1945 ஜூன் 26 அன்று சான் பிரான்சிஸ்கோவில் இந்தச் சாசனத்தில் கையெழுத்திட்டவர், நம்ம சென்னை அறிந்த நீதிக்கட்சித் தலைவர் ஆற்காடு ராமசாமி முதலியார்.

சரி, தமிழில் எது பொருந்தும்? 'ரத்து அதிகாரம்' எனக்கு ஒப்பவில்லை. ரத்து அரபியிலிருந்து உருது வழியாக வந்தது என்பதற்காகச் சொல்லவில்லை. அது நன்றாக வேரூன்றிய சொல். பொருள்தான் இடிக்கிறது. ரயிலை ரத்து செய்கிறோம், உரிமத்தை ரத்து செய்கிறோம். ஏற்கெனவே இருப்பதைத்தான் ரத்து செய்ய முடியும். பாதுகாப்பு அவையில் எதிர்வாக்கு விழுந்தால் தீர்மானம் பிறக்கவே இல்லை. 'மறுப்பாணை'யும் சரியில்லை, ஏனென்றால் யாரும் அங்கே ஆணை பிறப்பிப்பதில்லை, கையைத்தான் உயர்த்துகிறார்கள். 'தடுப்பதிகாரம்' மூலப்பொருளையும் சொல்கிறது, நடப்பதையும் சொல்கிறது. அந்த உரிமையைத் 'தடுப்பதிகாரம்' என்றும், குறிப்பிட்ட ஒரு வாக்கைத் 'தடுப்பு வாக்கு' என்றும் எழுதலாம். "ரஷ்யா வீட்டோ செய்தது" என்பதைவிட "ரஷ்யா தடுப்பு வாக்களித்தது" தெளிவு.

ஐ.நா. சீர்திருத்தம் பற்றி உறுப்பு நாடுகள் எதிர்பார்ப்பதைப் படிக்கும்போது இந்தச் சொல் இன்னும் முக்கியமாகிறது. 'வீட்டோ வேண்டும்', 'வீட்டோ வேண்டாம்' என்று இரண்டு கட்சிதான் என்று நினைத்துவிடுகிறோம். ஆப்பிரிக்க ஒன்றியம் 2005இல் எடுத்த நிலைப்பாட்டைப் பாருங்கள்: கொள்கையளவில் தடுப்பதிகாரத்தையே எதிர்க்கிறோம், ஆனால் அது இருக்கும்வரை, நிரந்தர இடம் பெறும் எல்லாருக்கும் அது வேண்டும். தங்கள் கண்டத்துக்கு இரண்டு நிரந்தர இடங்களை அந்த அதிகாரத்தோடு கேட்கிறார்கள். எனக்கு இதில் முரண்பாடு தெரியவில்லை. ஒரு கண்டத்துக்கே நிரந்தர இடம் இல்லாத அவையில், பாதி உரிமையோடு உள்ளே வா என்றால் யார் ஏற்பார்கள்? இந்தியா, பிரேசில், ஜெர்மனி, ஜப்பான் நான்கும் நிரந்தர இடம் கேட்கின்றன. தடுப்பதிகாரத்தைக் கொஞ்ச காலத்துக்குத் தள்ளிவைக்கலாம் என்று இறங்கிவந்திருக்கின்றன. இத்தாலி, பாகிஸ்தான் முதலிய நாடுகளுக்குப் புதிய நிரந்தர இடங்களே வேண்டாம். இனப்படுகொலை போன்ற பெருந்திரள் கொடுமைகள் நடக்கும்போது ஐந்து நாடுகளும் தாமாகவே இந்த அதிகாரத்தைப் பயன்படுத்தாமல் இருக்கட்டும் என்று பிரான்சும் மெக்சிகோவும் கேட்டன.

சின்னஞ்சிறு நாடான லிக்டன்ஸ்டைன் முன்னின்று கொண்டுவந்த தீர்மானத்தை 2022 ஏப்ரலில் பொதுச் சபை ஏற்றது. அதன்படி ஒரு தடுப்பு வாக்கு விழுந்தால், 10 வேலை நாட்களுக்குள் 193 நாடுகளின் பொதுச் சபை கூடி அதை விவாதிக்க வேண்டும். தடுத்ததை மாற்ற முடியாது, ஏன் தடுத்தாய் என்று கேட்கலாம். என் பார்வையில் இதுவரை நடந்தவற்றில் உருப்படியானது இதுதான்.

பாதுகாப்பு அவையைப் பெரிதாக்க முடியாது என்றில்லை. 11 நாடுகளாக இருந்தது, 1963இல் எடுத்த முடிவால் 1965 முதல் 15 ஆனது. ஆனால் சாசனத்தைத் திருத்தப் பொதுச் சபையில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். பிறகு மூன்றில் இரண்டு பங்கு நாடுகள், அவற்றில் ஐந்து நிரந்தர நாடுகளும் அடக்கம், தங்கள் நாட்டில் அதற்கு ஒப்புதல் தர வேண்டும். அந்த ஐந்தில் ஒன்று எதிர்த்து வாக்களிக்கக்கூட வேண்டாம். ஒப்புதல் தராமல் அதைக் கிடப்பில் போட்டுவைத்தால் போதும். அதற்குப் பெயர் மறுப்புமில்லை, ரத்துமில்லை. தடுப்புதான்.