பங்கில் நஷ்டம், ஆப்ஷனில் லாபம்: எக்ஸ்பைரி நாளில் நடப்பது என்ன?

வர்த்தகக் கண்காணிப்புப் பணியில், ஆப்ஷன் ஒப்பந்தங்கள் முடியும் எக்ஸ்பைரி நாளின் கடைசி அரை மணி நேரத்தில் நான் முதலில் தேடுவது, பங்கு வர்த்தகத்தில் காரணமின்றி நஷ்டப்பட்டுக்கொண்டிருப்பவரைத்தான். ஏற ஏற வாங்கிவிட்டு, ஏற்றம் ஓய்ந்ததும் குறைந்த விலைக்கு விற்றுவிடும் ஒருவருக்கு, அந்த நஷ்டத்தை ஈடுகட்டும் லாபம் வேறிடத்தில் இருக்கக்கூடும். அந்த இடம் ஆப்ஷன் சந்தையா என்பதை உடனே பார்த்துவிட வேண்டும்.

ஒரு பங்கின் விலை 198 என்று வைத்துக்கொள்வோம். அன்றே முடியும் 200 ஸ்ட்ரைக் கால் ஆப்ஷன், அதாவது அந்தப் பங்கை 200 என்ற குறித்த விலைக்கு (ஸ்ட்ரைக்) வாங்கும் உரிமை, பங்குக்கு 0.50 வீதம் கிடைக்கிறது. 10 லட்சம் பங்குகளுக்கு உரிய ஆப்ஷனை 5 லட்சத்துக்கு வாங்கியவர், விற்பவர்கள் குறைந்திருக்கும் நேரம் பார்த்து 2 லட்சம் பங்குகளைச் சராசரியாக 201க்கு வாங்கிக் குவித்து, விலையை 203க்குக் கொண்டுபோய் நிறுத்துகிறார். அந்த விலையில் ஒப்பந்தம் ரொக்கமாகத் தீர்க்கப்பட்டால் ஆப்ஷனில் 30 லட்சம் வரும். பங்குகளை மறுபடி 198க்கே விற்றாலும் போவது 6 லட்சம்தான். ஆப்ஷனில் அவர் பார்த்த 25 லட்சம் லாபம் முழுவதும், விலை 200ஐத் தாண்டாது என்று நம்பி அந்தக் கால் ஆப்ஷனை விற்றவர்களின் பணம். சில சந்தைகளில் ஒப்பந்தத்தைத் தீர்க்கப் பயன்படும் செட்டில்மென்ட் விலையைக் கடைசி அரை மணி நேரச் சராசரியாகக் கணக்கிடுவது இதனால்தான். அது சூழ்ச்சிக்கு ஆகும் செலவை உயர்த்துகிறதே தவிர, சூழ்ச்சியை முற்றிலும் தடுப்பதில்லை.

2025 ஜூலை 3 அன்று இந்தியப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி பிறப்பித்த இடைக்கால ஆணை இதே கணக்கைப் பெரிய அளவில் காட்டுகிறது. 2024 ஜனவரி 17 அன்று ஒரு வெளிநாட்டு வர்த்தகக் குழுமம் காலையில் வங்கிப் பங்குகளையும் அவற்றின் ஃபியூச்சர்ஸையும் (பின்னொரு தேதிக்கு இப்போதே விலை பேசும் ஒப்பந்தங்கள்) வாங்கி, வங்கிப் பங்குகளின் குறியீடான பேங்க் நிஃப்டியைத் தாங்கிப் பிடித்து, அதே வேளையில் குறியீடு இறங்கினால் லாபம் தரும் ஆப்ஷன்களைப் பல மடங்கு அளவில் சேர்த்து, பிறகு வாங்கியவற்றை விற்றது என்பது குற்றச்சாட்டு. பங்கிலும் ஃபியூச்சர்ஸிலும் சுமார் 62 கோடி ரூபாய் நஷ்டம், ஆப்ஷனில் சுமார் 735 கோடி லாபம் என்கிறது ஆணை. அக்குழுமம் குற்றச்சாட்டை மறுத்துள்ளது. தென்கொரியாவிலும் 2010 நவம்பர் 11 அன்று, ஆப்ஷன்கள் முடியும் நாளின் கடைசி 10 நிமிடத்தில் ஏறத்தாழ 2.4 லட்சம் கோடி வொன் மதிப்பிலான பங்குகள் விற்கப்பட்டு, அந்நாட்டுப் பங்குச் சந்தையின் கோஸ்பி 200 குறியீடு சுமார் 2.8 சதவீதம் சரிந்தது.

முடிவு நேரத்துப் பெரிய ஆர்டர்கள் எல்லாமே சூழ்ச்சி அல்ல. ஆப்ஷன்களை வாங்கி வைத்திருப்போர் இடர்க்காப்புக்காகப் பங்கை வாங்கி விற்பதனாலேயே, விலை ஒரு ஸ்ட்ரைக்கை ஒட்டியே நின்றுவிடுவதுண்டு. ஆகவே நோக்கத்தை நிரூபிப்பதுதான் விசாரணையின் கடினமான பகுதி.

பாதிக்கப்பட்டவர்கள் "விலையை ஏற்றிவிட்டார்கள்" என்று மட்டும் எழுதி அனுப்பும் புகார்களைப் படிக்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். அவற்றை வைத்து எதையும் தொடங்க முடியாது. எந்த ஸ்ட்ரைக், எத்தனை மணி எத்தனை நிமிடம், அப்போது பங்கின் விலை என்ன, முந்தைய ஐந்து நிமிடங்களில் எவ்வளவு கைமாறியது என்ற விவரங்களை எழுதுங்கள். அந்த நிமிடத்தின் ஆர்டர்களை யார் யார் போட்டார்கள் என்று எக்ஸ்சேஞ்சால் எடுத்துப் பார்க்க முடியும்.