சமத்துவம்: எதில், யாருக்கிடையே?

களப்பணிக்குச் செல்லும் இளைஞர்களுக்குப் பயிற்சியளிக்கும் எங்களிடம் வந்து சேரும் கணக்கெடுப்புப் படிவங்கள் பலவற்றில், இச்சமூகத்தில் சமத்துவம் நிலவுகிறதா என்ற கேள்வியும், ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்களும் தவறாமல் இருக்கும். மானுடவியல் படித்த எவரும் அந்தக் கட்டங்களின் முன் தயங்குவார், தயங்குவதுதான் முறையும்கூட. எல்லாவற்றிலும் எல்லோரும் சமமாக இருந்த சமூகம் என்று ஒன்றை இதுவரை யாரும் காட்டியதில்லை. எதில் சமம், யாருக்கிடையே சமம், அது குலையாமல் எது காக்கிறது என்று பிரித்துக் கேட்கும்போதுதான் பயனுள்ள விடை கிடைக்கிறது. அப்படிக் கேட்டுப் பழகுவதற்குக் கன்னியாகுமரி மாவட்டம் நல்ல இடம்.

கடற்கரை ஊர்களில் மீன் ஏலம் போன பிறகு நடக்கும் பங்குப் பிரிப்பைப் புதியவர்கள் பொறுமையாக உட்கார்ந்து பார்க்க வேண்டும். எண்ணெய்ச் செலவைக் கழித்து, வள்ளத்துக்கும் வலைக்கும் இன்ஜினுக்கும் உரியதை எடுத்துவைத்த பின், மிச்சத்தைத் தொழிலுக்குப் போனவர்கள் ஆளுக்கொரு பங்காகப் பிரித்துக்கொள்கிறார்கள். கழிவும் விகிதமும் ஊருக்கு ஊர் மாறும். வள்ளக்காரரும் கடலுக்குப் போயிருந்தால், ஆள் என்ற கணக்கில் அவருக்கும் அதே ஒரு பங்குதான். வள்ளத்தின் பங்கு தனியாக அவரிடம் சேரும். உழைப்புக்குச் சமம், முதலுக்குச் சமமில்லை என்பது அந்தக் கணக்கிலேயே தெரிகிறது. பெண்கள் அந்தப் பிரிப்பில் இல்லை. ஆனால் வீட்டுக்கு வரும் பணத்தை வைத்துப் புழங்குவது, சீட்டுக் கட்டுவது, அவசரத்துக்குக் கைமாற்று ஏற்பாடு செய்வது எல்லாம் பெரும்பாலும் அவர்களே. அதை மட்டும் பார்த்தவர் பெண்களின் கை ஓங்கியிருப்பதாக எழுதுவார். ஏலத்தை மட்டும் பார்த்தவர் நேர்மாறாக எழுதுவார். இரண்டு விதமான அறிக்கைகளும் என் மேசைக்கு வந்திருக்கின்றன.

ஆப்பிரிக்காவின் கலகாரிப் பாலைவனத்தில் வேட்டையாடி வாழ்ந்த குங் மக்களிடையே 1960களில் ஆய்வு செய்த மானுடவியலாளர் ரிச்சர்ட் லீ, கிறிஸ்துமஸ் விருந்துக்கென்று நல்ல கொழுத்த மாடு ஒன்றை வாங்கினார். பார்த்தவர்களோ, இது வெறும் எலும்புக்கூடு, யாருக்கும் போதாது என்று ஏளனம் செய்தார்கள். பெரிய வேட்டையோடு வருகிறவன் தன்னைத் தலைவனாக எண்ணிவிடக் கூடாது என்பதற்காகவே அவன் கொண்டுவந்ததை மட்டம் தட்டும் வழக்கம் அவர்களுக்கு உண்டென்று அவர் பிறகுதான் அறிந்தார். இறைச்சியைப் பங்கிடும் பொறுப்பும் எய்தவனுக்கன்று, அம்புக்கு உரியவனுக்கே. அம்புகளோ இரவலாகவும் அன்பளிப்பாகவும் கைமாறிக்கொண்டே இருப்பவை. வேட்டைச் சமூகங்களின் சமத்துவத்தை ஆதிமனிதனின் வெள்ளை உள்ளத்துக்குச் சான்றாகக் காட்டும் பேச்சு நம்மிடையே அதிகம். உண்மையில் அது நாள்தோறும் கேலியாலும் கட்டாயப் பகிர்வாலும் பாடுபட்டுக் காக்கப்படுவது.

இதற்கு எதிர்முனையில், ஏற்றத்தாழ்வைச் சட்டம் போட்டுக் காத்த வரலாறு நம் ஊருக்கே உண்டு. நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காக நடந்த தோள்சீலைப் போராட்டத்தின் முடிவில் திருவிதாங்கூர் அரசு 1859 ஜூலையில் வெளியிட்ட அறிவிப்பைப் பலரும் முழு வெற்றியாகவே மேடையில் சொல்கிறார்கள். நாடார் பெண்கள் கிறிஸ்தவப் பெண்களைப் போல ரவிக்கை அணியலாம், மீனவச் சாதியான முக்குவப் பெண்களைப் போல முரட்டுத் துணியைச் சுற்றிக்கொள்ளலாம், வேறு எவ்வகையிலும் மார்பை மறைக்கலாம். ஆனால் மேல்சாதிப் பெண்களைப் போல மட்டும் உடுத்தக் கூடாது என்பதே அந்த அறிவிப்பு. அதாவது மானத்தை மறைக்க அனுமதித்த அரசு, யார் எந்தப் படியில் நிற்கிறார் என்பதை மறைக்க அனுமதிக்கவில்லை.

சாதியமைப்பில் படிநிலையே அடிப்படை மதிப்பு என்று பிரெஞ்சு மானுடவியலாளர் லூயி துய்மோன் 1966இல் எழுதினார். மேலிருந்து பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் அதற்கு நூறாண்டுக்கும் முன்பே சாமிதோப்பில் அய்யா வைகுண்டர், ஒடுக்கப்பட்டோருக்கு மறுக்கப்பட்டிருந்த தலைப்பாகையைக் கட்டிக்கொண்டு வழிபடச் சொன்னார். முத்திரிக் கிணற்றை எல்லாச் சாதியினருக்கும் பொதுவாக்கினார். சேர்ந்து உண்ணச் செய்தார். கீழே நிறுத்தப்பட்டவர்கள் அந்தப் படிநிலையை மனத்தளவில் ஏற்றுக்கொண்டிருந்தார்கள் என்று சொல்வோருக்கு அந்தக் கிணறு போதுமான மறுப்பு.

நாஞ்சில் நாட்டு வேளாளரின் மருமக்கள்வழி என்ற தாய்வழி வாரிசு முறையும் வெளியூர் ஆய்வாளர்களைச் சறுக்கவைக்கும் இடம். பரம்பரை தாய்வழியில் சென்றதால் பெண்ணே ஆண்டாள் என்று எழுதிவிடுகிறார்கள். சொத்தை நிர்வகித்தவரோ காரணவர் எனப்பட்ட குடும்பத்தின் மூத்த ஆண். ஆணின் உடைமை சகோதரியின் பிள்ளைகளுக்குச் சென்றதால், அவர் இறந்தபின் மனைவியும் மக்களும் பட்ட அல்லல்தான் கவிமணியை அங்கதம் எழுதத் தூண்டியது. 1926இல் அந்த முறையைத் திருத்தச் சட்டமும் வந்தது.

ஆகவே எங்கள் படிவத்தில் அந்த இரண்டு கட்டங்களை எடுத்துவிட்டு வெற்றுப் பக்கம் விட்டிருக்கிறோம். சமபந்தி விருந்தைப் பதிவு செய்தால் யார் யார் ஒரே வரிசையில் உட்கார்ந்தார்கள் என்பதோடு, சமைத்தவர் யார், பரிமாறியவர் யார், கடைசிப் பந்தியில் சாப்பிட்டவர் யார், எச்சில் இலையை எடுத்தவர் யார் என்பதையும் எழுத வேண்டும். சுய உதவிக் குழுவென்றால், தலைவி யார் என்று கேட்டதோடு நிறுத்தாமல், வங்கிக் கணக்குப் புத்தகம் யார் வீட்டு அலமாரியில் இருக்கிறது என்றும் பார்த்துவிட்டு வரச் சொல்கிறோம்.