ஃபில்லர் என்னும் நிரப்பி

காரைக்குடியில் வீட்டுக்கு வண்ணம் பூச வருபவரிடம் 'ஃபில்லர்' என்றால், சுவர் விரிசலை அடைக்கும் பட்டியைத்தான் எடுத்து வருவார். நெகிழித் தொழிலில் அச்சொல்லின் பொருள் வேறு. அடைக்க வேண்டிய பள்ளம் எதுவும் அங்கில்லை. உருகிய பல்லுறுப்பியோடு (நெகிழிக்கு அடிப்படையான, நீண்ட சங்கிலி மூலக்கூறுகளாலான பொருள்) கலந்து அதன் இடத்தில் ஒரு பங்கைத் தான் எடுத்துக்கொள்ளும் நுண்தூளுக்கே அப்பெயர்.

'நிரப்பு' என்னும் வினையோடு 'இ' விகுதி சேர்த்து, மின்மாற்றி, வினையூக்கி என்பவை போல, 'நிரப்பி' எனலாம். ஆனால் 'நிரப்பு' பழந்தமிழில் பெயர்ச்சொல்லாக நின்று வறுமையைக் குறித்தது. திருக்குறளின் நல்குரவு அதிகாரத்தில் 1048, 1049 ஆம் குறள்களில் அப்பொருளையே காண்கிறோம். விலையைக் குறைப்பதற்கென்றே தூளை அள்ளிக் கொட்டி வார்த்த நாற்காலி காலொடிந்து கிடப்பதைப் பார்த்தால், அந்தப் பழம்பொருளும் பொருந்தத்தான் செய்கிறது.

உண்மையில் நிரப்பியின் வேலை செட்டிநாட்டுக் கொத்தனாருக்குப் புதிதன்று. சாந்தில் சுண்ணாம்பு பிணைக்கிறது. மணலோ இடத்தை எடுத்துக்கொள்வதோடு, காயும்போது சாந்து சுருங்கிப் பிளவாமலும் காக்கிறது. பாலிபுரொப்பிலீன் என்னும் நெகிழியில் கலக்கும் சுண்ணத்தூளும் (பிணைக்கும் சுண்ணாம்பு அன்று, கால்சியம் கார்பனேட் தூள்) அவ்வாறே சுருக்கத்தைக் குறைத்து விறைப்பைக் கூட்டுகிறது. அளவு மீறினால் பொருள் அடி தாங்காது. தூய பாலிபுரொப்பிலீனின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 0.9 கிராம் என்பதால் நீரில் மிதக்கும். எடையில் 20 விழுக்காடு சுண்ணத்தூள் கலந்த துண்டு மூழ்கிவிடும்.

பளிங்கு அறுக்கும் பட்டறையிலிருந்து வழியும் சேறு, காய்ந்தால் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்டே. நெகிழியில் மிகுதியாகச் சேர்க்கப்படும் நிரப்பியும் அதுதான் என்பதால், அச்சேற்றை நன்கு உலர்த்தி, சலித்து, நெகிழியில் திரளாமல் பரவுவதற்காக ஸ்டியரிக் அமிலம் என்னும் கொழுப்பமிலத்தைப் பூசினால் கழிவே மூலப்பொருளாகும். கிரானைட் தூளில் இந்த எளிமை இல்லை. அதிலுள்ள குவார்ட்சு என்னும் கனிமத்தின் கடினம், கனிமங்களின் கடினத்தை ஒப்பிடும் மோவின் அளவுகோலில் 7, பளிங்கின் கால்சைட்டுக்கு 3 மட்டுமே, ஆகையால் கிரானைட் தூள் வார்ப்பு எந்திரத்தின் திருகைத் தேய்த்துவிடும். சிவகங்கையில் கிராஃபைட்டைப் பிரித்தபின் எஞ்சும் கல்தூளைப் பற்றி எண்ணுவோரும் இதை முதலில் பார்க்க வேண்டும்.

இவ்வாறு கிடைக்கும் பொருளைச் 'சேர்மம்' என்றெழுதுவது பிழை. தூளும் பல்லுறுப்பியும் வேதிமாற்றமின்றித் தனித்தனியே நிற்பதால் 'கூட்டுப்பொருள்' என்பதே சரி. 'கழிவு நிரப்பி' என்று சுருக்கினால் கழிவை நிரப்பும் கருவி என்றும் படிக்க நேரும். 'கழிவுக் கனிம நிரப்பி' என்பதில் அந்த மயக்கம் இல்லை.