கத்தி படாமல் எலும்பைத் தூண்ட முடியுமா?

கை, கால்களை நீளமாக்கும் அறுவை சிகிச்சையில் நோயாளியைச் சோதிப்பது அறுவையைவிட அதற்குப் பின் வரும் காத்திருப்புதான். 1950களில் சைபீரியாவின் குர்கன் நகரில் கவ்ரீல் இலிசரோவ் வகுத்த முறை இது: எலும்பை வெட்டி, சில நாள் பொறுத்து, இரு முனைகளையும் நாளுக்கு 1 மில்லிமீட்டர் விலக்க வேண்டும், அதையும் 0.25 மில்லிமீட்டராக நான்கு முறை. அவசரப்பட்டால் இடைவெளியில் எலும்புக்குப் பதில் நார்த்திசு நிற்கும். தாமதித்தால் உரிய நீளத்துக்கு முன்பே ஒட்டிக்கொள்ளும். 5 சென்டிமீட்டர் நீட்ட 50 நாள். புதிய எலும்பு இறுகுவதற்கோ அதைவிட நெடுங்காலம் ஆகும். அதுவரை, எலும்பைப் பிடித்திருக்கும் வெளிச் சட்டகத்தைக் கழற்ற முடியாது. இந்தக் காலத்தைக் குறைக்கத்தான் எலும்பை வெளியிலிருந்து தூண்டும் இத்தனை கருவிகள்.

அவை அனைத்துக்கும் அடிப்படை ஒன்றே: எலும்பு தன்மேல் விழும் பாரத்தை உணர்கிறது. நடக்கும்போது எலும்பு கண்ணுக்குத் தெரியாத அளவு வளைகிறது. உள்ளே நுண்கால்வாய்களில் திரவம் நகர்கிறது. அங்கே பதிந்திருக்கும் ஆஸ்டியோசைட் செல்கள் அதை அறிந்து, எலும்பு கட்டும் செல்களுக்குச் சமிக்ஞை அனுப்புகின்றன. அழுத்தப்படும் எலும்பில் மின்னழுத்தம் தோன்றுவதை ஜப்பானின் ஃபுகாடாவும் யசூடாவும் 1957இல் காட்டினர். கம்பிச்சுருள் வழியாக மின்காந்தத் துடிப்பு செலுத்தும் சிகிச்சை அந்தச் சிந்தனையின் தொடர்ச்சி. முறிவு ஒட்டாமல் போவதை அது ஓரளவு குறைப்பதாகச் சோதனைகள் சொல்கின்றன. நோயாளியின் நடமாட்டம் மேம்படுவதாகத் தெளிவான சான்று இல்லை.

மீயொலியின் (அல்ட்ராசவுண்ட்) கதை ஏமாற்றமானது. தினம் 20 நிமிடம், சூடு உண்டாக்காத மென்மையான அலைகள். 1994இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஆரம்ப ஆய்வுகள் நம்பிக்கையூட்டின. ஆனால் கணுக்காலுக்கு மேலுள்ள பெரிய எலும்பு முறிந்த 501 பேரிடம் நடந்த ஆய்வு 2016இல் வெளியானபோது, போலிக் கருவி பெற்றவர்களைவிட மீயொலி பெற்றவர்கள் விரைவாகக் குணமாகவில்லை. நீட்டிப்பு சிகிச்சையில் நடந்த ஆய்வுகளும் சிறியவையே. விலையுயர்ந்த கருவியை வாங்கச் சொல்லும்முன் இதை நோயாளிக்குச் சொல்லியாக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இத்தனைக்கும் மிக எளிய தூண்டுதல் பாரம்தான். முறிந்த இடத்தில் தினமும் சிறிது நேரம் அளவான அசைவு கொடுத்தால் எலும்பு விரைவாகக் கூடுவதை 1985இல் பிரிட்டனில் ஆடுகளிடம் நிரூபித்தார்கள். அளவு மீறினால் பலன் தலைகீழாகும். ஆகவே எப்போது, எவ்வளவு பாரம் ஊன்றலாம் என்பதை எக்ஸ்ரே பார்த்து மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். கூடவே புகைப்பழக்கத்தை விட வேண்டும். புகைப்பவர்களுக்கு எலும்பு கூடுவது தாமதமாகிறது. ஒட்டாமலே போகும் ஆபத்தும் அதிகம்.